மூன்றாம் மதிப்பீட்டாளர்

அக்டோபர் 9, திங்கள்

துறைத் தலைவர் நஞ்சப்பன் சார் காலையிலேயே அறைக்குக் கூப்பிட்டார். நவம்பர் 15 அன்று நேர்காணல். இணைப் பேராசிரியர் பதவிக்கு ஐந்து வருடமாக இழுத்தடித்த நேர்காணல்.

“உங்களுக்கென்னங்க மேடம், அந்த வசவு டேட்டாசெட் ஒன்னு போதுமுங்க. உலகம் பூரா எடுத்துப் பயன்படுத்தறாங்க. கமிட்டியில ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

வசவு டேட்டாசெட் என்பது ஊர் வைத்த பெயர். இணையத்திலிருந்து பல்லாயிரம் தமிழ்ப் பின்னூட்டங்களைத் திரட்டி, எது வசவு, எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் குறித்து நான் வெளியிட்ட தொகுப்பு அது. அதைப் படித்துப் பழகிய மெஷின்கள்தான் இன்று தமிழில் திட்டுகிறவர்களைப் பிடித்து வெளியே தள்ளுகின்றன. எனக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது? மொழியையும் கணினியையும் கட்டி மேய்க்க வந்து பதினெட்டு வருடமாகிறது. சொல்லிக்கொள்ள இந்த ஒன்றுதான் இருக்கிறது.

தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். ஜெபராஜிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஆபீசில் ஊர்க் குறையெல்லாம் தீர்ப்பார். வீட்டு மோட்டார் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

அக்டோபர் 12, வியாழன்

மாநாட்டுக்காரர்கள் இந்த முறை நான்கு கட்டுரைகளை மதிப்பீடு செய்ய அனுப்பியிருக்கிறார்கள். வழக்கமான கண்ணாமூச்சிதான். எழுதியது யாரென்று எனக்குத் தெரியாது, படிப்பது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு கட்டுரைக்கு மூன்று பேர். நான் மூன்றாம் மதிப்பீட்டாளர்.

முதல் இரண்டும் சப்பை. மூன்றாவதைத் திறந்தேன், காபி ஆறிப்போனது.

அது என் தொகுப்பைப் பற்றிய கட்டுரை. என் தொகுப்பைப் படித்த மெஷின்கள் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்து ஆட்கள் பாசமாகப் பேசுவதையெல்லாம் வசவு என்று தூக்கிவிடுகின்றனவாம். பட்டியல் போட்டுக் காட்டி, தொகுப்பில் அந்தப் பேச்சே இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த பக்கத்தில்தான் விஷயம். எங்கள் தொகுப்பில் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து வாக்கியங்களைக் குறித்தார்கள். இருவர் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. முழுக்க ஒத்துப்போனால் ஒன்று. எங்களுடையது 0.91. அந்த எண்ணைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். ‘தமிழ் போன்ற மொழியில் இவ்வளவு ஒற்றுமை நம்பும்படி இல்லை. ஒத்துப்போகாத வாக்கியங்களை நீக்கியிருப்பார்கள் என்று சந்தேகிக்கிறோம். நிரூபிக்க எங்களிடம் ஆதாரம் இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆதாரம் இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே!

மதிப்பிடும் முன் தளம் மூன்று கேள்வி கேட்கும். எழுதியவர்கள் உங்கள் நிறுவனமா? உறவினரா? சேர்ந்து எழுதியிருக்கிறீர்களா? யாரென்றே தெரியாதவர்களைப் பற்றி என்ன சொல்வது? இல்லை, இல்லை, இல்லை என்று அழுத்தினேன். கீழே ‘மதிப்பீட்டுத் தலைவரிடம் வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா’ என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து ஜெபராஜ் தாம்தூம் என்று குதிக்கிறார். திசையன்விளைக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் அங்கேதான் கிடப்பார்கள். இவருடைய பால்ய சிநேகிதர் தங்கத்துரை துபாயிலிருந்து வந்து படம் போட்டிருக்கிறார். இவர் அதன் கீழே, “ஏலே சவத்து மூதி, எப்பலே வந்த? வீட்டுக்கு வராமப் போனேன்னா கால ஒடிச்சிருவேன் பாத்துக்கோ” என்று எழுதியிருக்கிறார். வசவு என்று மெஷின் நீக்கிவிட்டது. ஒரு வாரத்துக்கு எழுதத் தடை.

“எந்தக் கோட்டிக்காரன் ட்டி இந்த மெசினுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தான்?” என்று என்னைக் கேட்டார். கோட்டி என்றால் எங்கள் பக்கம் பைத்தியம். நான் என்ன வேலை செய்கிறேன் என்பது பதினெட்டு வருடமாக அவருக்கு ‘கம்ப்யூட்டர்ல என்னமோ’தான்.

மீன் குழம்பில் உப்புக் கம்மி என்றேன். கம்மியில்லை, சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 18, புதன்

செமஸ்டர் விடைத்தாள் ஒரு கட்டு முடிந்தது. ஒரு பிள்ளை விடைக்குப் பதிலாக ஜெபம் எழுதியிருக்கிறது. அதற்கும் அரை மார்க் போடலாமா என்று யோசித்தேன்.

அந்தக் கட்டுரை மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. நடந்ததை இங்கே எழுதிவைப்பதில் தப்பில்லை. குறித்த பெண்கள் இருவர். செல்வராணி நாங்குநேரிப் பக்கம், அபர்ணா சென்னை. ஒருத்தி பாசம் என்பதை மற்றவள் வசவு என்பாள். முதலில் வந்த எண் 0.58. அந்த எண்ணைக் கொண்டுபோனால் எந்த மாநாட்டிலும் வாசலைக்கூட மிதிக்க விட மாட்டார்கள். ஆகவே தெளிவில்லாத வாக்கியங்களை ஒதுக்கினேன். இதற்குச் சுத்தம் செய்வது என்று பெயர். எல்லோரும் செய்வதுதான். கட்டுரையில் ஏன் சொல்லவில்லை என்றால், எட்டுப் பக்கம்தான் அனுமதி. எட்டுப் பக்கத்துக்குள் எல்லாவற்றையுமா எழுத முடியும்?

ஒதுக்கிய மூவாயிரத்துச் சொச்சமும் என் பழைய லேப்டாப்பில் இருக்கின்றன. அப்படி ஒரு கோப்பு இருப்பதே வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்களும் அவரவர் குறித்ததை மட்டும்தான் பார்த்தார்கள்.

அக்டோபர் 21, சனி

மதிப்பீட்டை எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்துக்கு இரண்டு. ஒன்று போட்டால் ஆத்திரம் என்று நினைப்பார்கள்.

மூன்று முறை திருத்தி எழுதினேன். நடுநிலையாகவும் இருக்க வேண்டும், உறைக்கவும் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: ‘கட்டுரை ஊகத்தின் மேல் நிற்கிறது. தென்மாவட்டப் பேச்சு தொகுப்பில் இல்லை என்ற குற்றச்சாட்டு சரியல்ல. கருத்து வேறுபாடு வந்த மூவாயிரத்துச் சொச்சம் வாக்கியங்கள் போன பிறகும், அந்தப் பேச்சு நூற்றுக்கு ஏழு என்ற அளவில் இருக்கிறது. எழுதியவர்கள் தொகுப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும்.’

சும்மா வாயடி அடிக்காமல் கணக்கோடு அடித்திருக்கிறேன். திருப்தி. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. துறையில் எல்லாக் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். என் மேசை அடியில் கிடந்த பழைய லேப்டாப்பைக்கூட யாரோ எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்து மேலே வைத்திருந்தார்கள். மறுபடி அடியில் வைத்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

மற்ற இருவர் எழுதியது இன்று தெரிந்தது. இரண்டு பேரும் நான்கு போட்டிருக்கிறார்கள். ‘முக்கியமான கேள்வி’யாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

நேர்காணல் கோப்பைத் தைக்கக் கொடுத்தேன்.

நவம்பர் 2, வியாழன்

எழுதியவர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். முதல் இருவருக்கும் நன்றியும் வணக்கமும். எனக்கு எழுதியதை மனப்பாடமாகச் சொல்வேன்.

‘மூன்றாம் மதிப்பீட்டாளருக்கு நன்றி. கருத்து வேறுபாடு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கியங்கள் நீக்கப்பட்டதாகச் சொல்கிறார். அந்தத் தொகுப்பின் கட்டுரையிலோ, வெளியிட்ட கோப்புகளிலோ இந்தச் செய்தி எங்குமே இல்லை. நாங்கள் சந்தேகம் என்றுதான் எழுதினோம். அவர் எண்ணிக்கையே சொல்கிறார். இது உண்மையென்றால், எங்களிடம் இல்லாத ஆதாரம் இதுதான். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நாங்கள் விரும்பவில்லை.’

கேட்க விரும்பவில்லையாம்!

இருபது தடவை படித்து அனுப்பிய மதிப்பீடு. ஒரு தடவைகூட அந்த வரி என் கண்ணில் உறுத்தவில்லை, ஏனென்றால் எனக்கு அது தெரிந்த விஷயம். யாருக்கும் தெரியாத விஷயம் என்பது மறந்தே போனது. முகத்தை மூடிக்கொண்டு சண்டைக்குப் போய், சொந்தப் பெயரைச் சொல்லி மிரட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

பத்தரைக்கு வகுப்பு. போனேன், என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 4, சனி

இந்தக் கட்டுரைக்கென்று ஒரு தலைவர் உண்டு. மூன்று மதிப்பீடுகளையும் படித்து ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிறவர். எங்கோ ஐரோப்பாவில் இருக்கிற பேராசிரியர், நேரில் பார்த்ததில்லை. இன்று கேட்டிருக்கிறார்: ‘மூன்றாம் மதிப்பீட்டாளர் இந்தத் தகவலின் மூலத்தைத் தெரிவிக்க முடியுமா?’

எழுதியவர்களுக்கு என் பெயர் தெரியாது. மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கும் தெரியாது. தலைவருக்கு மட்டும் தெரியும். அவர் திரையில் எங்கள் மூவர் பெயரும் இருக்கும். எஸ்தர் கிருபா என்ற பெயரும், தொகுப்பை வெளியிட்டவர் பெயரும் ஒன்று என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆரம்பத்தில் கவனித்திருக்க மாட்டார், அவர் தலையில் ஐம்பது கட்டுரை இருக்கும். இப்போது கவனித்திருப்பார். தெரிந்துகொண்டே கேட்கிறார்.

ஜெபராஜ் மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்பேனர் எடுத்துத் தா என்றார். இரண்டு தடவை சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன்.

“என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“நேர்காணல் பயம்” என்றேன். அதுவும் உண்மைதான். நேர்காணலில் என் கையில் இருப்பது அந்தத் தொகுப்பு ஒன்றுதான். அது போனால் நான் வெறும் வகுப்பெடுக்கிறவள்.

நவம்பர் 6, திங்கள்

‘ஒரு பயிலரங்கில் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டது. உறுதிப்படுத்த இயலாது. அந்த வரியை மதிப்பீட்டிலிருந்து திரும்பப் பெறுகிறேன்.’

அனுப்பிவிட்டேன்.

தலைவரிடமிருந்து பத்து நிமிடத்தில் பதில். ‘நன்றி.’

அவ்வளவுதான். மேலே ஒன்றுமில்லை. இரண்டு பக்கம் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 9, வியாழன்

இரண்டாம் மதிப்பீட்டாளர் நான்கை மூன்றாகக் குறைத்துவிட்டார். ‘அந்தத் தகவல் வெறும் கேள்விப்பட்டது என்றால், கட்டுரையின் சந்தேகமும் சந்தேகமாகவே நிற்கிறது’ என்று காரணம். முடிவு சொல்ல 20ஆம் தேதி வரை இருக்கிறது. இந்த நிலையில் தள்ளிவிடுவார்கள்.

நினைத்தது நடந்தது. நிம்மதியாக இருக்க வேண்டும். எழுதியது யாராக இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பட்டியலில் இருக்கிற வாக்கியங்களைப் பார்த்தால் எங்கள் நெல்லைப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கும். முனைவர் பட்டத்துக்கு இந்தக் கட்டுரையை நம்பி இருக்கலாம்.

இதை யோசித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எதிர்வீட்டு அதிரசம். நாய் கட்டிலுக்கு அடியில்.

நவம்பர் 15, புதன்

நேர்காணல் முடிந்தது. இருபது நிமிடம்.

ஐந்து பேர் குழு. நான்கு பேர் எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் அம்மாள் மட்டும் கோப்பைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“0.91 போட்டிருக்கீங்க. எங்க பசங்க குறிச்சா 0.6 தாண்டுறதுக்கே நாக்குத் தள்ளுது. எப்படிம்மா சாதிச்சீங்க?”

குறை கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. கற்றுக்கொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நல்லாப் பயிற்சி குடுத்தோம் மேடம்” என்றேன்.

“ரொம்ப நல்லது” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் நஞ்சப்பன் சார் போன். “முடிஞ்சுதுங்க மேடம். இனிச் சிண்டிகேட் கையெழுத்து மட்டுந்தானுங்க. ஸ்வீட் எங்கீங்க?” ஜெபராஜ் போனைப் பிடுங்கி அவரிடமே உறுதி செய்துகொண்டார். பிறகு என்னைத் தூக்கப் பார்த்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவருக்கு.

நவம்பர் 16, வியாழன்

காலையில் ஜெபராஜ் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஊர்ப் பக்கத்தில் எழுதினார். எழுதும்போதே எனக்குச் சத்தமாக வாசித்தார்.

“ஏலே எல்லாவனும் கேட்டுக்கோங்க. எங்க வீட்டு மூதி பெரிய புரொபசர் ஆயிட்டாலே! சவத்த இனி கையில பிடிக்க முடியாது. எவன்லே எனக்குக் காப்பி போட்டுத் தருவான்?”

முகமெல்லாம் பல். போட்ட மறு நொடி மெஷின் நீக்கிவிட்டது. பெண்களை இழிவுபடுத்தும் வசவு. அடுத்த முறை நிரந்தரத் தடை.

இவர் குதிக்கவில்லை. “நான் ஒன்னத் திட்டுனனாட்டி?” என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. தான் நிஜமாகவே தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற சந்தேகத்தில் கேட்டார்.

“இல்லங்க” என்றேன்.

பிறகு யோசித்து யோசித்து வேறு எழுதினார். ‘எனது மனைவி முனைவர் எஸ்தர் கிருபா அவர்கள் இணைப் பேராசிரியராகத் தேர்வு பெற்றுள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ மெஷின் ஏற்றுக்கொண்டது. மத்தியானம் வரை மூன்று பேர் வாழ்த்தியிருந்தார்கள். தங்கத்துரை மட்டும் போன் போட்டு, “என்னலே, யாரோ செத்த அறிவிப்பு மாதிரி போட்டிருக்க? வீட்ல எல்லாம் நல்லாத்தான இருக்கிய?” என்று விசாரித்தாராம்.

இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

விடுப்பு எடுத்தேன். பழைய லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். உயிர் வர அரை மணி நேரம் ஆனது. மூடியில் ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் இருந்தது.

கோப்பைத் திறந்து வாசித்தேன். நான்கு வருடமாக எண்ணிக்கையாக மட்டும் நினைவிருந்ததை வாக்கியம் வாக்கியமாக வாசித்தேன். ‘ஏட்டி சவமே, ஒன்னப் பாத்து எத்தன நாளாச்சு.’ செல்வராணி: வசவில்லை. அபர்ணா: வசவு. நீக்கம். ‘செத்த மூதி, சாப்பிட்டுத் தொலையேன், மெலிஞ்சு போய்க் கெடக்க.’ செல்வராணி: வசவில்லை. அபர்ணா: வசவு. நீக்கம். பக்கம் பக்கமாக இதேதான்.

அபர்ணா மேல் தப்பில்லை. அவள் காதில் அது அப்படித்தான் விழும். எனக்கு என்ன கேடு? நான் பாளையங்கோட்டைக்காரி. வாசித்த மாத்திரத்தில் எது என்னவென்று எனக்குத் தெரியும். தெளிவில்லாத வாக்கியம் என்று இந்த நோட்டில் நான் எழுதியது பொய். எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. எனக்கு எண் வேண்டியிருந்தது, தூக்கி எறிந்தேன். வெட்கமாக இருக்கிறது. நேற்று அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்துத் திட்டினேனா என்று கேட்டபோது வந்த வெட்கம், இன்னும் இறங்கவில்லை.

பதினொரு மணிக்குத் தலைவருக்கு எழுதினேன். ‘பயிலரங்கில் கேட்டது என்று சொன்னது பொய். தொகுப்பைச் செய்தவள் நான். நீக்கியவளும் நான். முதலிலேயே சொல்லாமல் இந்தக் கட்டுரையை மதிப்பிட்டது தவறு. நீக்கிய வாக்கியங்கள் அனைத்தையும் தொகுப்பின் பொதுப் பக்கத்தில் இப்போது ஏற்றியிருக்கிறேன். உண்மையான ஒப்புமை எண் 0.58.’

கோப்பு ஏறி முடிகிற வரை சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது.

நவம்பர் 18, சனி

தலைவர் பதில்: ‘உங்கள் மதிப்பீட்டை நீக்குகிறேன். கோப்பு வெளியானதை மற்ற இருவருக்கும், எழுதியவர்களுக்கும் தெரிவிக்கிறேன். இது மாநாட்டின் நெறிமுறைக் குழுவுக்கும் போகும்.’ கடைசியில் மறுபடி அதே ‘நன்றி.’ இந்த முறை அது வேறு மாதிரி இருந்தது, அல்லது நான்தான் அப்படி எடுத்துக்கொள்கிறேன்.

நஞ்சப்பன் சாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். நேர்காணலில் அந்த அம்மாளுக்கு நான் சொன்ன பதிலையும் சேர்த்து. நெடுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“சிண்டிகேட் இருபத்தெட்டுதானுங்க. பத்து நாள் பொறுத்துப் போட்டிருக்கலாமில்லீங்களா மேடம்? இப்ப நான் மேல சொல்லியாகோணும். சொன்னா நிறுத்தி வெச்சுருவாங்க.”

“சொல்லுங்க சார்” என்றேன்.

பத்து நாள் பொறுத்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அது எனக்குத் தெரியும்.

நவம்பர் 19, ஞாயிறு

கோவில் ஆராதனை முடிந்து வந்து ஜெபராஜிடம் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மெஷினுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கோட்டிக்காரன் யாரென்று அவர் ஐந்து வாரமாகத் தேடுகிறாரே, அதையும் சொன்னேன்.

அவர் மோட்டார் அறை வாசலில் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தார்.

“நீயாட்டி?”

“ஆமா.”

“எங்கப் பேச்செல்லாம் எடுத்துத் தூரப் போட்டுட்டியா?”

“நம்ம பேச்சு. ஆமா.”

ஒரு திருகாணியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“வேல போயிருமா?”

“வேல போகாது. புரொபசர் பதவிதான் நின்னுரும். இனிக் கெடைக்குமான்னு தெரியாது.”

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“அப்ப, அந்த அறிவிப்ப எடுத்துரட்டா?”

எடுத்துருங்க என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஒரே வரியைத் தேடிப் பிடித்து, மெஷின் சரியென்று விட்டுவைத்ததைத் தன் விரலாலேயே அழித்தார்.